புகைச் சான்றிதழ் இருக்கிறது. புகை எங்கே போகிறது?

(நமது சங்கத்தின் குடியரசு தினக் கூட்டத்தில், வாகனம் வைத்திருப்பவர்களுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



"கார் பராமரிப்பு பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். போன வருஷம் வரை, பானெட்டைத் திறந்தால் வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும் இடம் மட்டும்தான் எனக்குத் தெரியும். இருந்தும் ஒப்புக்கொண்டேன். காரணம், போன ஐப்பசியில் என் குடும்பத்துக்கு நடந்தது, அதுவும் நம் பேஸ்மென்டிலேயே நடந்தது.

அன்று மாலை ஒரு கல்யாண வரவேற்புக்குப் புறப்பட்டோம். வெளியே நல்ல மழை. மனைவியும் ஏழு வயதுப் பேரனும் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே புழுக்கம் என்று வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டுவிட்டு, மறந்து வைத்த மொய்க் கவரை எடுக்க நான் மேலே போனேன். கவர் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே ஊரிலிருந்து ஒரு போன். பேசி முடித்துக் கீழே வர முப்பத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது.

"தாத்தா, தலை வலிக்குது" என்றான் பேரன். மனைவிக்கு வாந்தி வருவதுபோல் இருந்தது. மதியம் சாப்பிட்ட பழைய குழம்பின் மேல் பழியைப் போட்டோம். மண்டபத்துக்குப் போய் அரை மணி நேரம் காற்றாட உட்கார்ந்ததும் இருவருக்கும் சரியாகிவிட்டது.

பத்து நாள் கழித்துக் கோயிலுக்குப் போகும்போது, நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. மறுபடியும் அதே தலைவலி. இந்தத் தடவை எனக்கும் சேர்த்து. மறுநாள் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனோம். அவர் மூன்றே கேள்விதான் கேட்டார். "எல்லாருக்கும் ஒரே நேரத்துல வருதா? காய்ச்சல் இருக்கா? காரை விட்டு இறங்கினா சரியாகுதா?" பதிலைக் கேட்டுவிட்டு, "எனக்கு ஃபீஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி மெக்கானிக்குக்குக் கொடுங்க சார். புகை உள்ளே வருதான்னு பாக்கச் சொல்லுங்க" என்றார்.

மெக்கானிக் பையன் வண்டியை லிஃப்டில் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினான். என்ஜினிலிருந்து புகைக் குழாய் ஆரம்பிக்கும் இடத்தில் கேஸ்கெட் எரிந்து, சுற்றிலும் கரி படிந்திருந்தது. சைலன்சருக்கு முன்னால் இருக்கும் குழாயில், வெல்டிங் ஓரத்தைத் துரு தின்று, சுண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. "ரெண்டு மாசமாவது ஆகியிருக்கும் சார். காலைல ஸ்டார்ட் பண்ணும்போது டக்டக்னு சத்தம் வரலையா?" என்று கேட்டான். வந்தது. வண்டிக்கும் வயசாகிவிட்டது, எனக்கும் வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

எனக்கு உறைத்தது வேறு விஷயம். நாலு மாதத்துக்கு முன்புதான் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். பில்லோடு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். அதில் சைலன்சர் என்ற வரிக்கு நேராக ஒரு டிக். புகைச் சான்றிதழும் காலாவதி ஆகவில்லை. வங்கியில் வவுச்சரைப் பார்க்காமல் ஒரு டிக் போட்டிருந்தால் என்னைத் தொலைத்திருப்பார்கள். மற்றவர் பணத்துக்கு அவ்வளவு பார்த்தவன், சொந்தப் பேரன் உட்காரும் வண்டிக்கு யாரோ போட்ட டிக்கை நம்பிவிட்டேன்.

நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்: சான்றிதழ் இருப்பது வேறு, புகை ஒழுங்கான வழியில் வெளியே போவது வேறு. இரண்டாவதை நாமாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

முதலில் சான்றிதழ். பி.யூ.சி. கட்டாயம் வேண்டும். பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஒரு வருஷம், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம் செல்லும். மாசு வரம்பை மீறி ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பெட்ரோல் வண்டிக்கு என்ன செய்கிறார்கள்? வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓடும்போது, புகைக் குழாயின் வாயில் ஒரு கம்பியை நுழைத்து அளக்கிறார்கள். பி.எஸ். 4, பி.எஸ். 6 கார்களில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது.

கவனியுங்கள், அளப்பது குழாயின் கடைசியில். நடு வழியில் ஓட்டை இருந்தால், அங்கே கசிவது கணக்கில் வராது. அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போய்க் கலந்து, கடைசியில் அளவு குறைந்துகூடத் தெரியலாம். பாஸ்புக்கில் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்கு சரி என்று சொல்வது மாதிரிதான் இது.

அடுத்து, இந்த கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் முழுதாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வரும். அரைகுறையாக எரியும்போது வருவது இது. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரிச்சலும் இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு இதைப் பிடித்துக்கொள்கிறது. உட்கார இடமில்லாமல் ஆக்சிஜன் திரும்பிப் போகிறது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பிறகு கைகால் சோர்வு, குழப்பம், தூக்கம். தூங்கியவர் எழுந்திருக்காமலே போய்விடலாம். கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அதை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 என்று காட்டும்.

"என் வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். நச்சுப் புகையைப் பெருமளவு மாற்றிவிடும் கருவிதான் அது. ஆனால் நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். வண்டியைக் கிளப்பிய முதல் சில நிமிஷங்களில்தான் நச்சு அதிகம். அந்த முதல் சில நிமிஷம் நம் வண்டிகள் எங்கே நிற்கின்றன? பேஸ்மென்டில். அதனால் ஓட்டையே இல்லாத புது வண்டியானாலும், மூடிய இடத்தில் ஓடவிட்டு உட்காரக் கூடாது. டீசல் வண்டியில் இந்த வாயு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிக்காற்று வராது என்பதும் தவறான நம்பிக்கை. வெளிக்காற்றை எடுக்கும்படி பொத்தான் இருந்தால், முன் கண்ணாடியின் அடியில் உள்ள துளை வழியாக உள்ளே இழுக்கும். என் வண்டியில் கசிவு இருந்த இடத்துக்கு மிகப் பக்கம் அது. உள்காற்றையே சுற்றவிட்டாலும், தரையின் ரப்பர் மூடிகள், கதவு இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. செய்தியைப் படித்துவிட்டு நானும் பேப்பரை மடித்து வைத்தவன்தான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? வங்கிப் பழக்கத்தில் நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், பார்த்தது, செய்தது என்று நாலு பத்தி. அதிலிருந்து சொல்கிறேன்.

வாரம் ஒரு முறை: ஆயில் அளவு, கூலன்ட் அளவு, டயர் காற்று. ஐந்து நிமிஷ வேலை. கூலன்ட் மூடியை என்ஜின் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை: காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது பானெட் பக்கம் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். டக்டக் என்றோ, உஸ் என்றோ சத்தம் வந்து, சூடானதும் குறைந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். அடியில் குனிந்து பார்த்துச் சைலன்சர் தொங்குகிறதா, ரப்பர் அறுந்திருக்கிறதா என்று கவனியுங்கள். கை மட்டும் வைக்காதீர்கள், சுட்டுவிடும். புகையின் நிறத்தையும் பாருங்கள். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்சம் ஆவியும் சொட்டுத் தண்ணீரும் வருவது இயல்புதான்.

சர்வீஸ் விடும்போது: ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இவற்றை அவர்களே மாற்றிவிடுவார்கள். நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "வண்டியை லிஃப்டில் தூக்குங்கள், மேனிஃபோல்டிலிருந்து வால் குழாய் வரை கசிவு இருக்கிறதா என்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்." வேகத்தடையில் அடிபட்ட வண்டி, வெள்ளத்தில் நின்ற வண்டி, பத்து வருஷம் தாண்டிய வண்டி என்றால் கட்டாயம் கேளுங்கள். டாஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தால், அதைத் திருஷ்டிப் பொட்டு மாதிரி அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

நம்மைப்போல் ஓய்வு பெற்றவர்களுக்குத் தனியாக ஒன்று. காய்கறிக் கடை, கோயில், பேங்க் என்று இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே ஓட்டுகிறோம். குழாய் நன்றாகச் சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். எரிபொருள் எரிந்து வரும் தண்ணீர் சைலன்சருக்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. நம் சென்னையின் உப்புக் காற்று வெளியிலிருந்து தின்கிறது. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறது என்பதால் வண்டி புதுசு என்று நினைக்க வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

மழைக்காலத்துக்கு இரண்டு வார்த்தை. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் நாம் யாரும் மறக்கவில்லை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே ஸ்டார்ட்டில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுத்துக்கொண்டு போவதுதான் வழி. மின்சாரம் இல்லை, வீட்டில் புழுக்கம் என்று காரில் ஏசி போட்டுப் படுப்பதும் வேண்டவே வேண்டாம். வால் குழாய் தண்ணீரிலோ சேற்றிலோ அடைபட்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். பயணத்தில் தூக்கம் வந்தால், வண்டியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, நிழலில் ஓய்வெடுங்கள். காய்ந்த சருகு, வைக்கோல் மேல் நிறுத்தாதீர்கள். சூடான கன்வெர்ட்டரால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. டிக்கி மூடாத அளவுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு ஓட்டினாலும், பின்னால் போகும் புகை திரும்பி உள்ளே வரும்.

யாருக்காவது காரில் இந்த மாதிரி தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் முதலில் என்ஜினை அணையுங்கள். எல்லாக் கதவையும் திறந்து, ஆளைத் திறந்த வெளிக்குக் கொண்டு வாருங்கள். மயக்கமோ குழப்பமோ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில், "காருக்குள் புகை ஏறியிருக்கலாம்" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அஜீரணம் என்றுதான் நினைப்பார்கள், நாங்கள் நினைத்த மாதிரி.

கடைசியாகச் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். பேஸ்மென்டில் புகை வெளியேற்றும் மின்விசிறிகள் இருக்கின்றன. கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க அவற்றை நிறுத்தி வைத்திருக்கிறோம். காலை, மாலை வண்டிகள் புறப்படும் நேரத்திலாவது ஓடட்டும். இரண்டாவது, தூண்களில் ஒரு பலகை: 'என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள்.' இந்தக் கால வண்டிகளுக்கு நின்ற இடத்தில் நீண்ட நேரம் சூடேற்றத் தேவையில்லை. கிளப்பி அரை நிமிஷத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம். மூன்றாவது, வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்க வாட்ச்மேன் அறை பக்கம் ஒரு பெஞ்சும் ஒரு ஃபேனும். இடம் இல்லாததால்தான் அவர்கள் கீழே ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். அவர்களும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

என் வண்டியில் கேஸ்கெட்டும் குழாயும் மாற்றியாகிவிட்டது. பேரன் இப்போதும் காரில் ஏறினால், "தாத்தா, புகை பாத்தாச்சா?" என்று கேட்கிறான். அவன் கேட்கும்போதெல்லாம் அந்த முப்பத்தைந்து நிமிஷம் நினைவுக்கு வருகிறது. அது ஒரு மணி நேரமாக ஆகியிருந்தால் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப் போடாமல், இந்த வாரமே ஒரு முறை உங்கள் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.