உப்பும் நரம்பும்

பி.பி. என்றதும், "எனக்கு எந்த டென்ஷனும் இல்லையே" என்பது நம்மில் பலருடைய பதில். மனக்கவலையும் ரத்த அழுத்தமும் ஒன்று என்ற எண்ணத்தில் பிறந்த பதில் அது. ஆனால் அழுத்தத்தை ஏற்றுவதில் நாம் அறியாமலே இயங்கும் நரம்புகளுக்கும் பங்கு உண்டு. பழவேற்காடு ஏரியில் படகுக்குள் குந்தியிருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கிறார். ரத்தம் காலுக்கு இறங்கப் பார்க்கிறது. தலை சுற்றுவதற்குள், பரிவு நரம்புகள் எனப்படும் அந்த நரம்புகள் ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை விரைவுபடுத்திவிடுகின்றன. அவருக்கு அது தெரிவதே இல்லை. இந்த இறுக்கம் நாள் முழுக்கத் தளராமல் நின்றுபோனாலும் தெரியப்போவதில்லை.

நரம்புகளின் இந்த இறுக்கம் அழுத்தத்தை ஏற்றும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பு நுனிகளில் சேர்ந்திருக்கும், செய்தி கடத்தும் நார்அட்ரினலினை அது காலி செய்கிறது. செய்தி போகாததால் குழாய்கள் தளர்கின்றன. மனச்சோர்வு உண்டாக்கும் என்ற அச்சத்தால் இன்று அது அதிகம் புழக்கத்தில் இல்லை. ஆனால் அது காட்டிய வழி பொய்யில்லை.

கருவாட்டு உப்புதானே காரணம், நரம்பை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். உப்பை நான் விடுவிக்கவில்லை; நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் சிறுநீரகத்துக்குப் போகும் பரிவு நரம்புகள்தாம் உப்பை வெளியேற்றாமல் பிடித்துவைக்கவும், அழுத்தத்தை ஏற்றும் ரெனின் சுரக்கவும் தூண்டுகின்றன. ஆகவே உப்பும் நரம்பும் கூட்டாளிகள். அந்த நரம்புகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை 2014இல் ஒரு பெரிய சோதனையில் தோற்றது உண்மை. முறையைத் திருத்திச் செய்த பிந்தைய சோதனைகளில் அழுத்தம் ஓரளவு இறங்கியது. 2023இல் அமெரிக்கா அனுமதியும் தந்தது. ஓரளவுதான், மாத்திரைக்கு மாற்று அல்ல.

வலை இழுத்து உழைக்கிற உடம்புக்கு பி.பி. வராது என்பதும் சரியல்ல. உழைப்பு நல்லதுதான், வயதையும் உப்பையும் பரம்பரையையும் அது அழித்துவிடாது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. தலைவலி இல்லை என்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளக்க வந்தால், கரையேறிய கையோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு அளக்கச் சொல்லுங்கள்.