மானியம் வேலை ஆகாது

பிறப்பில் ஆண் எனப் பதியப்பட்டுப் பெண்ணாகத் தம்மை உணர்ந்து வாழும் திருநங்கையர்க்குப் பொருநைக் கரையான நெல்லையில் வேலை வாய்க்காததற்குத் திறமைக்குறைவே காரணம் என்போர், பள்ளிப் பருவத்திலேயே வீடு அவர்களை வெளியேற்றிப் படிப்பை அறுப்பதையும், அதையும் மீறிப் பட்டம் பெற்றவர் பழைய பெயர் தாங்கிய மதிப்பெண் பட்டியலோடு நேர்காணலில் நின்று, அதில் உள்ளவர் தாமே என்று மெய்ப்பிப்பதிலேயே களைத்துப்போவதையும் மறைத்துப் பேசுகின்றனர். திருச்செந்தூர்ப் பகுதிப் பொறியியல் பட்டதாரி ஒருவர், விமானப் பணிப்பெண் வேலை மறுக்கப்பட்டு 2017இல் உச்ச நீதிமன்றப் படியேறினார். அவரிடம் இல்லாதது தகுதியா, விண்ணப்பப் படிவத்தில் அவருக்கென ஒரு கட்டமா?

2008இல் திருநங்கையர் நல வாரியம் கண்ட தமிழகத்தின் பெருமை மறுக்கத்தக்கதன்று. எனினும் வாரியத்தின் வழி வரும் மாத உதவித்தொகை 40 வயதைக் கடந்த ஆதரவற்றோர்க்கே உரியது. இருபது வயதினர்க்குப் பெரிதும் காட்டப்படும் வழி, ரூ.50,000 வரையிலான சுயதொழில் மானியம். கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்னும் இவ்வறிவுரை, நெல்லையை அடுத்த கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலை முதலாளிகளை வேலை தரும் பொறுப்பிலிருந்து ஓசையின்றி விடுவித்துவிடுகிறது. கடைக்கு வாடகைக்கு இடம் தர மறுக்கும் அதே தெருதான், கைதட்டிக் கடைகடையாய்ப் பணம் பெறும் 'கடை கேட்டல்' தொழிலையும் இழிவென்று பழிக்கிறது!

1986 வரை நெல்லை மாவட்டத்திலேயே இருந்த கோவில்பட்டிக்கு அருகில், மந்தித்தோப்பில், 2020இல் திருநங்கையர்க்கான பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. அங்கே மாடு வாங்கக் கடன் மட்டுமன்றிக் குடியிருக்க வீடும், உறுப்பினர்க்கே உரிய சங்கமும் சேர்ந்தே அமைந்தன. பயன் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. 2017இல் கொச்சி மெட்ரோ திருநங்கையரைப் பணியமர்த்திப் பாராட்டுப் பெற்றபோது, வாடகைக்கு வீடு கிடைக்காமல் அவர்களுள் சிலர் சில வாரங்களிலேயே வேலையை விட்டு விலகினர். வீடற்ற வேலை அவ்வளவு காலமே நிற்கும்.

இடஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15இல் அதற்கு ஆணையிட்டுவிட்டது. எந்தச் சாதிப் பிரிவைச் சேர்ந்தவராயினும் அப்பிரிவுக்குள்ளேயே தனிப்பங்கு தரும் கிடைமட்ட ஒதுக்கீட்டைக் கர்நாடகம் 2021இல் 1 விழுக்காடாக வழங்கியது. முதலில் வாரியம் கண்ட மாநிலம் இதில் பின்தங்கியது வெட்கக்கேடு.

வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் திருநங்கையரின் முறையீட்டைக் கேட்க அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது. கங்கைகொண்டானில் வேலைபார்க்கும் பிள்ளைகளைப் பெற்றோர் இவ்வவையில் பலர் இருக்கக்கூடும். தங்கள் ஆலையில் அந்த அலுவலர் யார் என்று அப்பிள்ளைகளிடம் இன்றிரவே கேளுங்கள்.