ஓய்வு நேரமும் ஆக்க முயற்சியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓய்வு நேரம். இதைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணுதல் கூடும். ஒரு நாளின் 24 மணி நேரத்திலே உறக்கத்துக்கு ஒரு பங்கு போகின்றது. கந்தோருக்கோ, பாடசாலைக்கோ, கடைக்கோ, தோட்டத்துக்கோ மற்றொரு பங்கு போகின்றது. உண்ணல், குளித்தல், போக்குவரத்து ஆகியவற்றுக்கும் கொடுத்த பின் எஞ்சுவது இரண்டு மணியோ மூன்று மணியோதான். மற்றைய நேரத்துக்கெல்லாம் வேறு எசமானர் உளர். இந்தச் சிறு நேரத்துக்கு மட்டும் நாமே எசமானர். ஆகவே ஒருவர் எத்தகையவர் என்பதை அறிய விரும்பினால், அவர் இந்த நேரத்தை என்ன செய்கின்றார் என்று பார்த்தல் போதும்.

களைத்த உடலுக்கு இளைப்பாறுதல் வேண்டும். நண்பரோடு பேசுதலும், பாட்டுக் கேட்டலும், பந்தடித்தலும் தீங்கானவை அல்ல. ஆனால் மாலை முழுவதும் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்து, படுக்கப் போகும்போது, இன்று என்ன பார்த்தோம் என்று கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லாத நிலை இளைப்பாறுதல் ஆகாது. வாரத்தில் ஒரு மாலைப் பொழுதையேனும் கையினால் ஒன்றை ஆக்குதற்கு ஒதுக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

இதைக் கேட்டவுடன் நம் பெரியோர் சிலர், "இதால் என்ன வரும்படி? பிள்ளையின் படிப்பல்லவோ கெடும்?" என்று கேட்பர். அந்த அச்சம் பொருளற்றதன்று. காணியை ஈடு வைத்தும் பிள்ளைகளைப் படிப்பித்த சமூகம் நம்முடையது. அந்தக் கேள்விக்கு மறுமொழியாகச் சிலருடைய வரலாற்றைச் சொல்லுகின்றோம்.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்திலே, நெடுந்தீவுக்கு அவர்கள் எந்த நகரத்தின் பெயரைச் சூட்டினார்களோ அந்த டெல்வ்ற் நகரிலே, லீவன்ஹூக் என்றொரு புடைவை வியாபாரி வாழ்ந்தார். 1632இல் பிறந்த அவர் பல்கலைக்கழகத்தை மிதித்தவரல்லர். அக்காலக் கல்விமான்களின் மொழியாகிய இலத்தீனும் அறியார். துணியின் இழையைப் பார்க்க வியாபாரிகள் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்துவது வழக்கம். அவரோ ஓய்வு நேரத்திலே தம் கையாலேயே சின்னஞ்சிறு வில்லைகளை ஆக்கத் தொடங்கினார். அவர் ஆக்கிய வில்லைகள் ஐந்நூறுக்கு மேற்பட்டவை. குளத்து நீரையும், தம் பல்லில் ஒட்டிய அழுக்கையுங்கூட அவற்றினூடே பார்த்தார். எவர் கண்ணுக்கும் எட்டாத நுண்ணுயிர்களைக் கண்டு, இலண்டன் றோயல் சங்கத்துக்குத் தம் தாய்மொழியிலேயே எழுதினார். 1673 முதல் 1723இல் இறக்கும் வரை, ஐம்பது ஆண்டுகள் அந்தக் கடிதங்கள் சென்றன.

ஆயினும் அவரிடம் ஒரு குறை இருந்தது. தம் மிகச் சிறந்த வில்லைகளை ஆக்கிய முறையை அவர் எவருக்கும் கற்பிக்கவில்லை. கடிதங்கள் உலகுக்கு உரியவாயின. கைத்திறன் அவரோடு மறைந்தது. இதை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இனி நம்மவர் ஒருவரைப் பார்ப்போம். சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அரசாங்கக் கணக்குப் பகுதியிலே உத்தியோகம் பார்த்தார். பின் சட்டம் பயின்று கும்பகோணத்திலே வழக்கறிஞரானார். புதுக்கோட்டையிலே நீதிபதியாகவும் இருந்தார். அவருக்குச் சோறு போட்டவை கணக்கும் வழக்குமே. ஆனால் இன்று அவர் பெயரை நாம் சொல்வது அவர் வாதாடிய வழக்குகளுக்காகவா? இல்லை. செல்லரித்து, தொட்டால் உதிரும் ஏடுகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினாரே, அதற்காகவே சொல்கின்றோம்.

மல்லாகத்தைச் சேர்ந்த தந்தையாருக்குச் சென்னையிற் பிறந்த வி. கனகசபைப்பிள்ளை அவர்களும் அத்தகையவரே. அவர் தபாற் பகுதி உத்தியோகத்தர். அந்த வேலையின் நடுவிலே சங்க நூல்களை ஆராய்ந்து, 1800 ஆண்டுகளுக்கு முந்திய தமிழரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி 1904இல் நூலாக வெளியிட்டார். இவர்களுடைய உத்தியோகமும் கெடவில்லை, முயற்சியும் குன்றவில்லை.

"இவர்கள் மேதைகள், எங்களால் ஆகுமா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நன்று, சிறிய முயற்சி ஒன்றைப் பார்ப்போம். வாடைக்காற்று வீசும் மாதங்களிலே வடமராட்சியில் வானத்தை அண்ணாந்து பாருங்கள். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, படலம் என்று எத்தனை வகைப் பட்டங்கள்! தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே நடக்கும் போட்டியைக் காண ஊர்கள் திரளும். ஒரு பட்டத்தைக் கட்டுபவன் மூங்கிலை இரு பக்கமும் ஒரே நிறையாகச் சீவ வேண்டும். முச்சை சற்றே பிழைத்தாலும் பட்டம் குத்துக்கரணமடித்துக் கீழே வரும். விண்ணின் நாடா தளர்ந்தால் கூவாது. காற்றை ஏமாற்ற ஒருவராலும் முடியாது. தராசும் அளவும் பொறுமையும் அவனுக்குத் தாமே படிகின்றன. ஆதலால் பெற்றோர்களே, பட்டம் பெறுவதற்கும் பட்டம் கட்டுவதற்கும் பகையில்லை!

வீட்டினுள்ளேயும் பாருங்கள். பனையோலையிலே பன்னவேலை செய்யும் ஆச்சிமார் இன்னும் சிலர் உளர். எந்த ஓலைக்குச் சாயமிடுவது, எந்த இழையை மேலே எடுப்பது, பெட்டியின் மூலையை எப்படித் திருப்புவது என்பதெல்லாம் அவர்களுடைய விரல்களிலே இருக்கின்றது; ஏட்டில் இல்லை. லீவன்ஹூக்குக்கு நேர்ந்தது நம் முற்றத்திலும் நேரப் போகின்றது. பேத்தி ஒருத்தி பக்கத்தில் இருந்து பழகாவிடின், அந்த விரல்கள் ஓயும் நாளிலே அந்த வேலையும் ஓயும்.

இழப்பு என்பது இன்னதென்று நமக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அச்சேறிப் பல ஊர்களிலும் பரவியிருந்த நூல்களை மீண்டும் தேடி வைக்க முடிந்தது. ஒரே பிரதியாய் இருந்த ஏடுகளும் கையெழுத்துக்களும் மீளவேயில்லை. 2005ஆம் ஆண்டு, நூலகம் என்னும் பெயரால் இணையத்திலே ஓர் எண்ணிம நூலகம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் தன்னார்வலர்கள். பழைய நூல்களையும், சஞ்சிகைகளையும், இத்தகைய ஆண்டு மலர்களையுங்கூட ஒவ்வொரு பக்கமாகப் படியெடுத்து, உலகில் எவரும் படிக்கும்படி வைத்தனர். தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றிய வேலையின் தொடர்ச்சியே இது.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் மூன்றைக் கேட்கின்றோம். முதலாவது, உங்களுக்கு விருப்பமான ஒன்றை மட்டும் எடுங்கள்; அது தச்சாகட்டும், தையலாகட்டும், நிழற்படமாகட்டும், உங்கள் ஊரின் குளங்கள், வயல்கள், ஒழுங்கைகள் ஆகியவற்றின் பெயர்களைத் திரட்டுவதாகட்டும். இரண்டாவது, தொடங்கியதை முடியுங்கள். அரைகுறையான பத்துப் பட்டங்களிலும் வானத்தில் ஏறிய ஒரு பட்டம் மேல். மூன்றாவது, செய்த முறையை எழுதி வையுங்கள். கேட்கும் ஒருவருக்குக் கற்றுக் கொடுங்கள்.

பெரியோர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றே. பிள்ளை மூலையில் இருந்து எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் "வீண் வேலை" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் சென்று, "என்னப்பு செய்கிறாய்?" என்று கேளுங்கள். உங்கள் கைக்குத் தெரிந்தது ஏதும் இருந்தால் காட்டிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு விழாவிலே, பேச்சுக்களுக்கு ஒதுக்கும் நேரத்தைச் சற்றே குறைத்து, உறுப்பினர்கள் தம் ஓய்வு நேரத்தில் ஆக்கியவற்றை இந்த மண்டபத்திலே ஒரு மேசையில் வைத்துக் காட்டுமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம். முதலாண்டில் நான்கு பொருள்கள் இருந்தாலும் போதும்.