சாலை போட்டவன் சரக்கைத் தீர்மானிக்கலாமா?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சகோதரர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. துபாயிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினால் வரும், போட்டோ வரும், குரல் பதிவும் வரும். ஆனால் அதே வாட்ஸ்அப்பில் 'அத்தா, நல்லா இருக்கீங்களா?' என்று நேராகப் பேசப் பல ஆண்டுகள் வழியில்லாமல் இருந்தது. ஏன்? இணையம் இல்லையா? இருந்தது. மாதாமாதம் அதற்குப் பணமும் கட்டினான். ஆனால் இணையம் வழியாகப் பேசுவதை அங்குள்ள தொலைபேசி நிறுவனங்களின் கைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 2018-இல் போட்டிம் போன்ற செயலிகளை அனுமதித்தபோதும், அதற்கென்று மாதம் 50 திர்ஹம் தனியாகக் கேட்டார்கள். சவூதி இந்தத் தடையை 2017 செப்டம்பரில்தான் நீக்கியது.

பத்திரிகைகளில் 'நெட் நியூட்ராலிட்டி', இணையச் சமத்துவம் என்று எழுதுகிறார்களே, அது படித்தவர்கள் விவகாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். நம் வீட்டுத் தாய்மார்களின் கண்ணீரில் அதற்கும் பங்குண்டு!

திருமாந்துறை சுங்கச்சாவடியை எண்ணிப் பாருங்கள். காருக்கு ஒரு கட்டணம், லாரிக்கு ஒரு கட்டணம். சரி, வாங்கட்டும். ஆனால் அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றி வரும் லாரியை நிறுத்தி, 'எங்களுக்கு வேண்டிய கம்பெனி மூட்டையா? போ. வேறு கம்பெனி மூட்டையா? ஓரமாக நில்' என்று சொன்னால் விடுவோமா? ஆம்புலன்சுக்கு வழிவிடச் சொல்வது வேறு. நெரிசல் நேரத்தில் ஒழுங்குபடுத்துவதும் வேறு. இணையத்திலும் அப்படித்தான். அளவோடு, தற்காலிகமாக, வாடிக்கையாளருக்குத் தெரியும்படி ஒழுங்கு செய்யலாம். ஆளைப் பார்த்து வழிவிடக் கூடாது.

இங்கேயும் முயன்றார்கள். 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையவழி அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது. 2015 பிப்ரவரியில் பேஸ்புக்கும் ரிலையன்ஸும் சேர்ந்து தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் 'இலவச இணையம்' கொண்டு வந்தன. பிறகு அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். முப்பது சொச்சம் தளங்கள் மட்டும் காசில்லாமல் திறக்கும். கூகுள் தேடுதல்கூட அதில் இல்லை!

'ஏழைக்கு இலவசமாகக் கிடைப்பதை ஏன் தடுக்கிறீர்கள்?' என்று அப்போது கேட்டார்கள். நியாயமான கேள்விதான், டேட்டா விலை அன்று அப்படி இருந்தது. ஆனால் அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர் மாணவி எதைப் படிக்கலாம் என்பதை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பட்டியல் போட்டுத் தருவதா? அதில் இடம் கிடைக்காத சின்னப் பத்திரிகை எங்கே போகும்? 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பின் டேட்டா விலை சரிந்தது. அதற்கு எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 2015 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8-ஆம் நாள், தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று டிராய் விதி செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். (இந்தக் கம்பெனிகளுக்கு அது டீச்செலவு என்பது வேறு விஷயம்!) தடுப்பது, வேகத்தைக் குறைப்பது, சிலருக்கு மட்டும் முன்னுரிமை தருவது ஆகியவற்றுக்கு எதிரான விதிகளை 2018 ஜூலையில் மத்திய அரசு ஏற்றது.

அத்துடன் முடிந்ததா? இல்லை. வீடியோ தளங்கள் எங்களுக்கும் பங்கு தரவேண்டும் என்று தொலைபேசி நிறுவனங்கள் பின்னர் கேட்கத் தொடங்கின. தென்கொரியாவில் அத்தகைய கட்டணத்தைத் தாங்க முடியவில்லை என்று ட்விட்ச் தளம் 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. அமெரிக்காவில் 2015-இல் வந்த விதியை 2017-இல் எடுத்தார்கள். 2024-இல் மீண்டும் கொண்டு வந்ததை 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கேயே அப்படி!

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அன்றைய டேட்டா தீர்ந்து எல்லாமே மெதுவானால் அது உங்கள் திட்டத்தின் அளவு. ஒரே ஒரு செயலி மட்டும் திணறி, மற்றவை ஓடினால் வேறு நிறுவன சிம்மில் அதையே திறந்து பாருங்கள். அங்கே தடையின்றி ஓடினால் தேதி, நேரம் குறித்துக்கொண்டு 198-க்குப் பேசுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். மேல்முறையீட்டில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.