மலிவான காப்பீடு எது?

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்றுவந்தவன் நான். ஆண்டுதோறும் பல நிறுவனங்களில் விசாரித்து, கட்டணம் குறைந்த காப்பீட்டுப் பத்திரத்தையே வாங்குவேன். அதனைச் சாமர்த்தியம் என்றும் எண்ணியிருந்தேன்.

2015ஆம் ஆண்டுப் பெருமழையில் கடலூர் வெள்ளக்காடாயிற்று. அங்கு நிறுத்தியிருந்த என் வண்டியும் மூழ்கிற்று. இழப்பீடு கேட்கச் சென்றபோதுதான், என் பத்திரம் பிறருக்கு நேரும் தீங்கிற்கு மட்டுமே பொறுப்பேற்பது என அறிந்தேன். பிழை, படித்துப் பாராமல் கையொப்பமிட்ட என்னுடையதே.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இந்த மூன்றாம் தரப்புக் காப்பீட்டையே. இதன் அடிப்படைக் கட்டணத்தை அரசே வகுக்கிறது. 2022இல் அறிவித்தபடி, 75க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். அதற்கு மேல் 350 சி.சி. வரை 1,366 ரூபாய். எந்த நிறுவனத்திலும் இதுவே.

ஒப்பிட வேண்டியது, நம் வண்டிக்கு நேரும் சேதத்திற்கான காப்பீட்டை. வண்டிக்கு என்ன மதிப்பு இடுகின்றனர்? மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பரா? நீர் புகுந்த எஞ்சினுக்குத் தனிக் காப்பு உண்டா? இம்மூன்றிலும் நிறுவனங்கள் வேறுபடும்.

2011இல் தானே புயலையும் கண்ட மாவட்டம் இது. ஆதலின் நண்பர்களே, இவற்றைக் கேட்டறிந்த பின்னரே கட்டணத்தைக் கேளுங்கள்.