பம்பாயும் கொழும்பும்



இலங்கை வானொலியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தமிழ்நாட்டு மேடைகளில் இந்தப் பேச்சு நிறைய நடந்திருக்கிறது. ஆனால் அந்த வானொலியை வளர்த்ததில் நம் பம்பாய்க்கு இருந்த பங்கை அங்கே யாரும் அதிகம் சொல்வதில்லை.

1952இல் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார் பி.வி. கேஸ்கர். சங்கீதம் தெரிந்தவர். செவ்வியல் இசையை நாடெங்கும் கொண்டுசேர்த்த பெருமை அவருக்கு உண்டு, அதை மறுக்கக் கூடாது. ஆனால் சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பினார். அகில இந்திய வானொலியில் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. படத் தயாரிப்பாளர்களோடு தகராறும் சேர்ந்துகொள்ள, பாட்டே அருகிப் போயிற்று. பகலெல்லாம் ஆலையிலும் தோல் கிடங்கிலும் உழைத்துவிட்டு வருகிறவன் எதைக் கேட்க வேண்டும் என்பதை டெல்லி தீர்மானித்தது. எனக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு.

கொழும்பிலோ கதை வேறு. உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகளுக்காக நிறுவிய பலமான சிற்றலை ஒலிபரப்பி இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் அதை நடத்தினார். சிற்றலை வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரம் மைலுக்கு அப்பால் இறங்கும். அதை எந்த அமைச்சர் தடுப்பது?

நம் வானொலியில் அப்போது விளம்பரமும் கிடையாது. ஆகவே பம்பாய்க் கம்பெனிகளின் விளம்பரப் பணம் கொழும்புக்குப் போனது. நிகழ்ச்சியை இங்கே பதிவுசெய்து, நாடாவை விமானத்தில் அனுப்புவார்கள். அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி 1952 டிசம்பரில் அப்படித்தான் பிறந்தது. இங்கே பேசிய பேச்சு கடல் கடந்து போய், அலையேறி, மறுபடி இந்த ஊர்ச் சால் குடியிருப்புகளுக்கே வந்து இறங்கியது! 1957 அக்டோபர் 3ஆம் தேதி அகில இந்திய வானொலியின் விவித் பாரதி தொடங்கியதும், 1967இல் அது விளம்பரம் வாங்க ஆரம்பித்ததும் இந்தப் போட்டியின் விளைவுதான்.

சரி, நம் தமிழுக்கு வருகிறேன். இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் எஸ்.பி. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத்... பேரைச் சொன்னதுமே முன்வரிசைப் பெரியவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். காலையில் 'பொங்கும் பூம்புனல்'. அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து. அதில் குழந்தையின் பேரை மட்டுமா வாசிப்பார்கள்? அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அத்தை, மாமா, ஊர் என்று வரிசையாக, ஒரு பேரையும் விழுங்காமல் நிறுத்தி வாசிப்பார்கள். பத்திரிகையில் ஒருநாளும் பேர் வராத குடும்பத்துக்கு அது எப்பேர்ப்பட்ட மரியாதை! சோப்பு விற்கத்தான் அந்தச் சேவை நடந்தது, வாஸ்தவம். ஆனால் கேட்கிறவனை அது ஒருபோதும் தாழ்வாகப் பேசவில்லை. இந்திய அரசாங்க வானொலி நமக்குக் கற்றுக்கொடுக்க வந்தது. இலங்கை வானொலி நம் வீட்டுக்கு வந்தது.

அந்த அறிவிப்பாளர்களுக்கு என்ன நேர்ந்தது? இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு அந்தத் தமிழ்ச் சேவைக்குப் பழைய செழிப்பு இல்லை. கே.எஸ். ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். வேகமும் தெளிவும் ஒன்றாகக் கூடிய அந்தக் குரலை, இத்தனை லட்சம் பேர் நேசித்த குரலை, காப்பாற்ற ஒரு நாதியில்லை. இதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். டேப் ரிக்கார்டர் வந்த காலத்தில் ரேடியோப் பக்கத்தில் வைத்துப் பாட்டுப் பிடித்தவர்கள் நம்மில் பலர். பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர் பேசியதும் அதில் பதிவாகியிருக்கும். அந்த கேசட்டுகள் பரணில் கிடந்தால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். பூசணம் பிடித்திருந்தாலும், நாடா அறுந்திருந்தாலும் கொண்டுவாருங்கள். இளைஞர்கள் கணினியில் ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், போகும்போது பேரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள்.