நூலைக் காப்பதும் சாத்திர தானமே
(சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரை)



புட்பதந்தரும் பூதபலியும் சட்கண்டாகமத்தை நிறைவு செய்ததன் நினைவாகச் சுருத பஞ்சமியைப் போற்றுகின்றோம். இந்நாளில் நூல்களை வெளியில் எடுத்துத் தூசு தட்டிப் புதிய துணியில் கட்டி வைப்பது முன்னோர் வழக்கம். அதில் அடங்கிய அறிவைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

நூலுக்குப் பெரும்பகை பூஞ்சணம். அதன் நுண்வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றை அறவே விலக்க இயலாது. ஆயினும் அவை முளைக்க ஈரம் வேண்டும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டிற்கு மேல் பல நாள் நீடித்தால் இடர் தொடங்கும். நனைந்த நூலிலோ 2, 3 நாள்களிலேயே பூஞ்சணம் படரும். தாளும் பசையும் படிந்த தூசும் அதற்கு உணவு.

தமிழகத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் ஈரம் மிகுந்த மாதங்கள். கோடையை ஒட்டி வரும் சுருத பஞ்சமியன்று தூசு தட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையேனும் நூல்களைப் பார்வையிடல் வேண்டும். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தலும், நூல்களை நெருக்கித் திணித்தலும், நெகிழிப் பையில் இறுகக் கட்டுதலும் தீது; உள்ளே ஈரம் அடைபடும். அந்துருண்டை பூச்சிக்கு உரியது. பூஞ்சணத்திற்கு அதனை நம்புதல் வீண்.

பூஞ்சணம் கண்ட நூலை உடனே பிற நூல்களினின்று பிரித்து, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துக. ஈரத்துணியால் துடைத்தால் கறை பரவும். நன்கு உலர்ந்தபின், முகக்கவசம் அணிந்து, வீட்டிற்கு வெளியே மெல்லிய தூரிகையால் துடைத்தெடுக்கலாம். மூச்சுத் தொல்லை உடையோர் இப்பணியைத் தவிர்க்க.

முளைத்தபின் நஞ்சு தெளித்து அழிப்பதினும், முளைக்க இடம் தராமையே சிறந்தது என்பது நூலகக் காப்பியலின் தெளிவு. கொல்லாமையை முதலறமாகக் கொண்ட நமக்கு இது புதிய பாடம் அன்று. நூல் பிழைக்கிறது, உயிரும் வதையுறுவதில்லை. சாத்திர தானமும் அபய தானமும் இங்கே கைகோக்கின்றன.

அச்சு நூல் அழிந்தால் வேறொரு படி கிடைக்கக் கூடும். பாட்டனார் கைப்பட எழுதிய தோத்திரச் சுவடிக்கும், பெட்டியடியில் உறங்கும் ஏட்டுக்கட்டிற்கும் மறுபடி எங்கே? ஆதலின், புரட்டாசி முடியுமுன் ஒவ்வொரு குடும்பத்தாரும் அப்பெட்டியைத் திறந்து பார்த்திடுக. பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்க. நாளை காக்க வேண்டியவர்கள் அவர்களே.